கரமனை வீட்டு எரிவாயுவின் பூர்வீகம்

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அம்மாவுக்குப் போன் போட்டேன். திருவனந்தபுரத்தில் மதியம், இங்கே ஓல்டன்பர்க்கில் காலை. முட்டுவலி, மழை, பால்காரர் எல்லாம் முடிந்தபின் அம்மா சொன்னாள்: "இன்னைக்கு காஸ் நல்லா எரியுது மக்கா. பக்கத்து வீட்டுச் சக்கை ஒண்ணு பழுத்து அழுகிப் போச்சு கேட்டியா, சுளையெல்லாம் கொண்டுபோய் உள்ளே போட்டாச்சு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் திரும்பிப் பார்த்தாள். "பாட்டி பலாப்பழத்தை எரிக்கிறாங்களா?"

எரிக்கவில்லை, அதை வைத்துக் குழம்பு வைக்கிறாள் என்றேன். அது எப்படி என்று கேட்டாள். அரை மணி நேரம் சொன்னேன். அவள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாள். மீதியை உங்களிடம் சொல்லலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கழிவு மக்கும்போது எரியும் வாயு வரும் என்பது பழைய சேதி. 1776-இல் இத்தாலியில் மஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கம்பால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தவர் அலெஸாண்ட்ரோ வோல்டா. நம் வீட்டு மின்சாரத்தில் 'வோல்ட்' என்று உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். அவர் பிடித்ததை இன்று மீத்தேன் என்கிறோம். காற்று புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று வெளியிடுவது. சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, அழுகிய முட்டை நாற்றத்துக்குக் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு.

இந்தியாவில் இதை முதலில் பயன்படுத்திய இடம் எது தெரியுமா? மாட்டுங்கா. ஆமாம், பம்பாய்த் தமிழர்களின் மாட்டுங்காவேதான். அங்கே தமிழர் கடைகள் வருவதற்கு முன்பே ஒரு தொழுநோயாளர் இல்லம் இருந்தது. 1897-இல் அந்த இல்லத்தின் கழிவறைக் கழிவை மூடிய தொட்டியில் விட்டு, வந்த வாயுவைக் கொண்டு அங்கேயே விளக்கு ஏற்றினார்கள். பத்து வருடம் கழித்து அதே வாயுவில் ஓர் எஞ்சினையும் ஓட்டினார்கள்.

இணையத்தில் தேடினால் நிறைய இடங்களில் இது நடந்தது 1859 என்று போட்டிருப்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. அந்த இல்லமே 1890-இல்தான் தொடங்கியது. இல்லாத வீட்டில் விளக்கு எரியுமா?

எனக்கு இதில் வருடத்தைவிட இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஊரே தள்ளிவைத்த மனிதர்கள். அவர்களுடைய கழிவைத் தொட எவரும் முன்வந்திருக்க மாட்டார்கள். அங்கே உண்டான கழிவு வெளியே போகாமல் உள்ளேயே விளக்காக மாறியது. கழிவு யாருடையதோ, வெளிச்சமும் அவர்களுடையதே. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி மாட்டுச் சாணத்துக்கு வருவோம். 1930களின் கடைசியில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் என்பவர் சாணத்திலிருந்து வாயு எடுக்கும் சோதனைகளைச் செய்தார். 1950களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் படேல் அதை ஒரு கிராமத்து வீட்டுக்கு ஏற்ற வடிவமாக மாற்றினார். தரையில் கிணறு மாதிரி ஒரு குழி, அதன்மேல் கவிழ்த்துவைத்த இரும்பு டிரம். வாயு சேரச்சேர டிரம் உயரும், எரிக்க எரிக்கத் தாழும். 'கிராமலட்சுமி' என்று பெயர் வைத்தார். 1960களின் தொடக்கத்தில் காதி கிராமத் தொழில் ஆணையம் இதைக் கையில் எடுத்தது. 1973-இல் பெட்ரோல் விலை ஏறியதும் அரசாங்கத்துக்கும் அக்கறை வந்தது. 1981-இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கி, மானியம் கொடுத்து, இதுவரை நாடு முழுக்க ஐம்பது லட்சத்துக்கு மேல் வீட்டுக் கலன்கள் கட்டியிருக்கிறார்கள்.

சாணம் போதுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஐந்து பேர் சமைக்க ஒன்றரைக் கன மீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 38 கிலோ. ஒரு மாடு ஒரு நாளைக்கு 10 கிலோ போடும் என்றால் நான்கு மாடு வேண்டும். அதுவும் தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடு. மேயப் போகிற மாடு பாதியை வழியிலேயே போட்டுவிடும். நான்கு மாடு வைத்திருக்கிறவர் ஊரில் வசதியானவர். ஒரு மாடும் இல்லாதவர், வசதியானவரின் மாடு வழியில் போட்டதைப் பொறுக்கி வரட்டி தட்டி எரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சாணமும் இப்போது கலனுக்குள் போய்விட்டால் அவர் எதை எரிப்பார்? இந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் உண்டு.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்பக் குழுவை நடத்திவந்த அமுல்யா ரெட்டி இதை நேரில் கண்டவர். கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா என்ற சின்ன கிராமத்துக்குப் பொதுவாக ஒரு கலன் கட்டினார்கள். முதலில் எல்லா வீட்டுக்கும் சமையல் வாயு தருவதாகத் திட்டம். சாணம் போதவில்லை, அடுப்பும் முழுச் சமையலுக்கு எரியவில்லை, திட்டம் படுத்துவிட்டது. பிறகு ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசியபோது அவர்கள் கேட்டது வேறு. சமையலுக்கு விறகு எப்படியோ கிடைக்கிறது, குடிக்கத் தண்ணீர்தான் வேண்டும் என்றார்கள். 1987-இலிருந்து அதே வாயுவில் எஞ்சின் ஓட்டி, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வீடுகளுக்குத் தண்ணீரும் கொஞ்சம் விளக்கும் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவந்தவருக்குக் கூலி. வாயு போக மிஞ்சிய சாணக் கரைசல் உரமாகத் திரும்பி அவருக்கே. கலனைக் கவனிக்க ஊர்ப் பையன்களுக்குச் சம்பளம். பல வருடம் ஓடியது.

தொழில்நுட்பம் இரண்டு முறையும் ஒன்றுதான். இரண்டாவது முறை, சாணத்தைச் சுமக்கிறவருக்கும் பலன் போய்ச் சேர்ந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். என் அப்பா நாஞ்சில்நாட்டுக்காரர். 1956 நவம்பர் 1 வரை அந்த மண்ணும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். திருவிதாங்கூருக்கே சோறு போட்ட வயல் நாஞ்சில்நாடு. கோடு மாறியபின்னும் பழக்கம் மாறவில்லை. இன்றைக்கும் திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்குக் காய்கறி, வாழையிலை, பூ எல்லாம் ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் போகிறது. தோவாளைப் பூ இல்லாமல் அங்கே ஓணத்துக்கு அத்தப்பூக்களம் கிடையாது.

கேரளத்தில் விவசாயக் கழிவிலிருந்து எவ்வளவு எரிவாயு எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், முதலில் விவசாயம் எங்கே என்று கேட்க வேண்டும். 1970களின் நடுவில் அங்கே எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் இருந்தது. இன்று இரண்டு லட்சத்தை ஒட்டித்தான் நிற்கிறது. 1996-இல் சுமார் 34 லட்சம் மாடுகள். 2019 கணக்கெடுப்பில் சுமார் 13 லட்சம். வைக்கோலும் போச்சு, சாணமும் போச்சு.

தேங்காய் இருக்கிறதே என்பீர்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே கடினம்குளம், அஞ்சுதெங்கு காயல் ஓரமாகப் போனவர்களுக்கு அந்த நாற்றம் ஞாபகம் இருக்கும். கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீருக்குள் ஊறப்போடுவார்கள். அங்கே நடப்பதும் இதே சமாசாரம்தான். காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மட்டையிலிருந்து தின்னக்கூடியதைத் தின்று வாயு விடும். அவற்றால் தின்ன முடியாதது நார். அதனால்தான் நமக்குக் கயிறு கிடைக்கிறது. மர இழையில் இருக்கும் லிக்னின் இந்த நுண்ணுயிர்களுக்குச் செரிக்காது. கயிற்றுக்கு நல்லது, காஸுக்கு ஆகாது. எல்லாக் கழிவையும் ஒரே கணக்கில் கூட்டி 'இத்தனை கோடி டன் கழிவு, இத்தனை கோடி கன மீட்டர் வாயு' என்று சொல்வதில் உள்ள கோளாறு இதுதான். மட்டையும் ஒரு டன், சோறும் ஒரு டன். ஒன்று கயிறாகும், மற்றது காஸாகும்.

சோறு என்று சும்மா சொல்லவில்லை. புனேயில் ஆனந்த் கர்வே என்ற தாவரவியலாளர் 2003 வாக்கில் எளிமையான ஒரு விஷயத்தைச் சொன்னார். சாணம் என்பது மாடு தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டபின் விட்டது. மாட்டு வயிற்றிலும் கலனிலும் வேலை செய்வது ஏறக்குறைய ஒரே ஜாதி நுண்ணுயிர்கள்தான். அப்படியானால் மாட்டைத் தாண்டி, மாவுச்சத்தை நேராகக் கலனுக்கே கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார். ஒரு கிலோ சாணத்தில் 40 லிட்டர் வாயு வந்தால், ஒரு கிலோ சமையலறைக் கழிவில் சுமார் 100 லிட்டர் வரும். வேகமாகவும் வரும். நம் சேலம், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளி மாவு கழுவிய தண்ணீரிலிருந்து வாயு எடுப்பதும் இந்த மாவுச்சத்தை நம்பித்தான்.

கர்வே சொல்வதற்கு முன்பே திருவனந்தபுரத்தில் இந்த வழியில் போய்க்கொண்டிருந்தவர் சஜி தாஸ். 1994-இல் 'பயோடெக்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மாடில்லாத நகரத்து வீட்டுக் கொல்லையிலும் அடங்குகிற சின்னக் கலன்கள், சந்தைக் கழிவில் மின்சாரம் எடுக்கும் பெரிய கலன்கள் என்று செய்தார்கள். 2007-இல் லண்டனில் அவர்களுக்கு ஆஷ்டன் விருது கிடைத்தபோது சுமார் 12,000 வீடுகளில் அவர்களுடைய கலன்கள் இருந்தன.

அதாவது மருந்து ஊருக்குள்ளேயே இருந்தது. ஊர் அதைத் தேடிப் போகவில்லை. ஏனென்றால் அப்போது ஊருக்கு வலி தெரியவில்லை. வலி வேறு இடத்தில் இருந்தது.

அந்த இடத்தின் பெயர் விளப்பில்சாலை. நகரத்துக்குக் கிழக்கே மலையும் தோப்புமான கிராமம். 2000-இல் அங்கே நகரக் குப்பையை உரமாக்கும் ஆலையைத் திறந்தார்கள். தினமும் லாரி லாரியாகப் போனது. உரமானது கொஞ்சம், மலையாகக் குவிந்தது மிச்சம். குப்பையிலிருந்து வடிந்த கறுப்புத் தண்ணீர் பக்கத்து மீனம்பள்ளித் தோட்டில் இறங்கியது. அங்கேயிருந்தவர்களுக்குக் கிணறு, காற்று, சாப்பாடு எல்லாமே நாறியது. பதினோரு வருடம் மனு கொடுத்தும் மறியல் செய்தும் பார்த்துவிட்டு, 2011 டிசம்பரில் விளப்பில் பஞ்சாயத்து ஆலையைப் பூட்டியது. நகராட்சி நீதிமன்றம் போனது. 2012-இல் போலீஸ் துணையோடு போனபோது ஊர்மக்கள் சாலையை மறித்துவிட்டார்கள். ஆலை திறக்கவேயில்லை.

மீனம்பள்ளித் தோடு எங்கே போகிறது என்று நான் வரைபடத்தில் பார்த்தது அப்புறம்தான். கரமனை ஆற்றில் கலக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆறு. நாங்கள் பையில் கட்டி லாரியில் ஏற்றி அனுப்பியது, பதினோரு வருடமாக ஆற்று வழியாக எங்கள் கொல்லைக்கே திரும்பி வந்திருக்கிறது.

2012 எங்கள் ஊர்க்காரர்கள் எவரும் மறக்க முடியாத வருடம். தெருமுனைகளில் குப்பை, ராத்திரியில் பிளாஸ்டிக் எரிகிற புகை, எங்கும் நாய்கள். நான் இங்கிருந்து போன் செய்து கேட்டேன். "குப்பை எடுக்க ஆளு வரல்ல மக்கா. அப்பா ராத்திரி கொண்டுபோயிட்டு வாறாங்க" என்றாள் அம்மா. எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்றாள்.

அந்த வருடம் லீவில் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. இரவு பத்து மணிக்குமேல் அப்பா ஸ்கூட்டரின் முன்னால் பையை வைத்துக்கொண்டு புறப்பட்டார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், வீடுகள் இல்லாத இடத்தில், வண்டியை நிறுத்தாமலே பையை வீசினார். முப்பத்திரண்டு வருடம் சர்க்கார் வேலை பார்த்து, ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். திரும்பும்போது எதுவும் பேசவில்லை. கேட்டைப் பூட்டும்போது மட்டும், "வேற என்னலே செய்ய?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இங்கே ஜெர்மனியில் பழுப்புத் தொட்டியில் சமையல் கழிவைப் பிரித்துப் போட்டுவிட்டு, பெரிய யோக்கியன் மாதிரி ஊருக்குப் போனில் புத்தி சொல்லிக்கொண்டிருந்த என்மேல்தான் வந்தது. இங்கே வாராவாரம் லாரி வருகிறது. அது எங்கே போகிறது என்று நானும் கேட்டதில்லை.

அந்த நெருக்கடிக்குப் பிறகு நகராட்சி வேறு வழியில்லாமல் பாதையை மாற்றியது. உன் கழிவை நீயே வைத்துக்கொள், நாங்கள் உதவுகிறோம் என்றது. வீட்டுக்கு வீடு குழாய் உரம், எரிவாயுக் கலன் இவற்றுக்கு மானியம் கொடுத்தார்கள். தெருக்களில் கரியிலையும் கழிவும் அடுக்கி மக்கவைக்கும் தும்பூர்முழி முறைத் தொட்டிகள் வந்தன. 2016 டிசம்பரில் ஹரித கேரளம் இயக்கம் தொடங்கியது. அதன்பின் பிளாஸ்டிக்கை வாங்கிப்போக வீடு வீடாக ஹரித கர்ம சேனைப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டில் 2013-இல் ஒரு கன மீட்டர் கலன் வந்தது. பணம் நான் அனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டேன்.

கலனுக்கு முதலில் நுண்ணுயிர் வேண்டும், அதற்குச் சாணம் வேண்டும். நகரத்தில் மாடு ஏது? அப்பா நேமம் பக்கம் விசாரித்து ஆட்டோவில் நாலு சாக்குச் சாணம் கொண்டுவந்தார். ஆட்டோக்காரர் கேட்ட வாடகை, ஒரு சிலிண்டர் விலைக்குப் பக்கத்தில் வந்தது. சில வாரம் கழித்து முதல் ஜுவாலை. நீலமாக, சத்தமில்லாமல். அம்மா அன்றைக்கு அதில் பால் காய்ச்சவில்லை. "எச்சில் காஸ்ல பாலு காய்ச்சவா?" என்று சுடுதண்ணீர் மட்டும் வைத்தாள். ஒரு மாதத்தில் பருப்பு வெந்தது. அதற்கடுத்த வருடம் தைப்பொங்கலும் அதிலேயே பொங்கியது. அம்மா இது பற்றி விளக்கம் ஒன்றும் தரவில்லை.

முதல் ஓணத்துக்கு ஒரு கூத்து நடந்தது. விருந்து முடிந்து, மிஞ்சிய சாம்பார், அடைப்பிரதமன், எலுமிச்சை ஊறுகாய் எல்லாவற்றையும் ஒரே நாளில் உள்ளே கொட்டிவிட்டார்கள். மறுநாள் டிரம் எழும்பவில்லை. புளித்த வாடை. மாவுச்சத்தும் இனிப்பும் ஒரேயடியாகப் போனால் அமிலம் கூடிவிடும், மீத்தேன் தருகிற நுண்ணுயிர் வேலையை நிறுத்திவிடும். அம்மா ஒரே வரியில் சொன்னாள்: "அதுக்கு அஜீரணம்." வைத்தியமும் அவளே சொன்னாள். நான்கு நாள் பட்டினி, கொஞ்சம் சாணக் கரைசல். சரியாகிவிட்டது. பொறியியல் படித்த நான் இங்கிருந்து புத்தகம் பார்த்துச் சொல்வதற்கு முன்பே.

இது எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு மூன்று கிலோ கழிவு சேர்ந்தது. 300 லிட்டர் வாயு, கிட்டத்தட்ட ஒரு மணி நேர அடுப்பு. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 450 கிராம் எல்.பி.ஜி.க்குச் சமம் என்பதால், மாதம் 4 கிலோ மிச்சம். மூன்றரை மாதத்துக்கு ஒரு சிலிண்டர். பெரிய லாபம் இல்லை. ஆனால் அப்பாவின் ஸ்கூட்டர் இரவில் வெளியே போகவில்லை. அந்தக் கணக்கை எந்த மீட்டரும் காட்டாது.

பெரிய அளவில் செய்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 அக்டோபரில் மத்திய அரசு 'சதத்' என்ற திட்டத்தை அறிவித்தது. 2023-24-க்குள் 5,000 ஆலைகள், வருடம் 1.5 கோடி டன் அழுத்தப்பட்ட எரிவாயு என்பது இலக்கு. அந்த வருடம் வந்தபோது இலக்கில் ஐம்பதில் ஒரு பங்கு ஆலைகள்கூட ஓடவில்லை. நடந்தவை எப்படி நடந்தன என்று பார்த்தால் பாடம் கிடைக்கும். 2022 பிப்ரவரியில் இந்தூரில் தினம் 550 டன் எடுக்கும் ஆலை திறந்தார்கள். அதற்குப் பல வருடம் முன்பே அந்த ஊர் வீட்டிலேயே ஈரக் கழிவைப் பிரித்துக் கொடுக்கப் பழகியிருந்தது. அதே வருடம் அக்டோபரில் பஞ்சாபில் சங்ரூர் மாவட்டத்தில், நான் வாழும் இந்த நாட்டு நிறுவனமான வெர்பியோ, வைக்கோலிலிருந்து தினம் 33 டன் எரிவாயு எடுக்கும் ஆலையைத் திறந்தது. அங்கே நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்குள் சில வாரம்தான் அவகாசம். அதற்குள் வயல் வயலாகப் போய் வைக்கோலைக் கட்டித் தூக்க ஆளும் எந்திரமும் இல்லையென்றால், விவசாயி தீ வைத்துவிடுவார். டெல்லிக்காரர்கள் நவம்பரில் சுவாசிப்பது அதையும் சேர்த்துத்தான்.

ஜெர்மனியிலும் கதை உண்டு. 2000-இல் வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் நல்ல விலை கொடுத்தது. இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல் ஆலைகள். ஓல்டன்பர்க்கிலிருந்து ரயிலில் போனால் வயல்களுக்கு நடுவே பச்சைக் கூடாரங்களாகத் தெரியும். ஆனால் பலவற்றுக்குத் தீனி கழிவு அல்ல, அதற்கென்றே விளைந்த மக்காச்சோளம். கழிவைத் தேடிச் சேர்ப்பதைவிட வயலில் விதைப்பது சுலபம். 2012-இல் மக்காச்சோளத்துக்கு 60 சதவீத உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று.

கொச்சியில் கழிவைப் பிரிக்காமல் பிரம்மபுரத்தில் குவித்தார்கள். 2023 மார்ச் 2-ஆம் தேதி தீப்பிடித்துப் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. விளப்பில்சாலையில் படிக்காத பாடத்தை அங்கே படித்தார்கள்.

ஆக, 1897-இலிருந்து வாயு வருமா என்ற கேள்வி இல்லை. வரும். கழிவை உண்டாக்குகிறவர், அதைச் சுமக்கிறவர், அதன் பலனை அனுபவிக்கிறவர், இந்த மூவரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. மாட்டுங்காவில் ஒரே கூரை. புராவில் ஒரே ஊர், அதுவும் கூலி கொடுத்தபின். திருவனந்தபுரத்தில் உண்டாக்கியது நகரம், அனுபவித்தது விளப்பில்சாலை. அதனால்தான் நின்றது.

இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக் கதையின் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

2019-இல் அப்பா போய்விட்டார். காரியம் முடிந்து நான் திரும்பி வந்துவிட்டேன். தினமும் காலையில் கழிவை நறுக்கி, தண்ணீரில் கலக்கி, வாளியில் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தது அப்பாதான். அம்மா ஒருத்திக்கு என்ன கழிவு வரும்? முட்டுவலியோடு வாளி தூக்கவும் முடியாது. கலன் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டினி கிடந்து அணைந்தது. 2020-இல் கொரோனா வந்து, ஊருக்குப் போகவும் முடியவில்லை. "அதை எடுத்துப் போட்டுரலாம்மா" என்று போனில் சொன்னேன். விருது வாங்கிய தொழில்நுட்பம், என் பணம், என் அறிவு எல்லாம் இருந்தும், ஒரு வாளியைத் தூக்க அந்த வீட்டில் மகன் இல்லை. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். நாம் ஊருக்கு அனுப்பி வைத்த இன்வெர்ட்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம், பிரஷர் பார்க்கும் கருவி எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அம்மா எடுக்கவிடவில்லை. என்னிடம் கேட்காமல், பக்கத்து வீட்டுச் சேச்சியிடமும் பின்வீட்டிலும் பேசியிருக்கிறாள். இப்போது மூன்று வீட்டுக் கழிவு வருகிறது. சேச்சி காலையில் வாளியை ஊற்றுகிறாள். வாயு அம்மா அடுப்புக்கு. வெளியே வடியும் கரைசல் சேச்சி வீட்டு வாழைக்கும் பின்வீட்டுக் கறிவேப்பிலைக்கும். அந்த வாழையிலிருந்து அம்மாவுக்கு இலை. போன வருடம் நான் போனபோது சேச்சிக்கு மாதம் ஏதாவது பணம் கொடுக்கலாம் என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவ வேலைக்கா வாறா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்த மூன்று வாரமும் காலையில் வாளியை நான் தூக்கினேன். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, வெங்காயத் தொலி போடாதே, கரைசலைத் தண்ணியா கலக்கு என்று அம்மா திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கலக்கிய கரைசலில் என் கையளவு மிளகாய்க் காம்பும் வாழைப்பூ மடலும் மிதந்தன. நாஞ்சில்நாட்டு வயலிலிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். ஊற்றிவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றைக்குப் புளிசேரி அந்த அடுப்பில்தான்.